இலுப்பையைத் தேடி நகர்ந்த எல்லைக்கல்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் கோபம் அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். அவர் ஆட்சியில் பொழில்நகரம், கல்நகரம் என்று இரண்டு நகரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே ஓர் எல்லைக்கல். பொழில்நகரத்தில் பச்சை மரத்தை வெட்டியவனுக்குக் கை போய்விடும். ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம் அது, ராஜாவையும் கட்டுப்படுத்தும். கல்லைத் தாண்டினாலோ, எவன் முதலில் கோடரி வைக்கிறானோ அவனுக்கே மரம். யார் தோட்டத்து மரம் என்று கேட்க நாதியில்லை.

ஒருநாள் ராஜா புதுப் பட்டுத் தலைப்பாகையோடு பொழில்நகரத்துப் பெரிய இலுப்பையின் கீழே போனார். மேலே இருந்த காக்கை தன் காணிக்கையைச் செலுத்தியது.

"நாளை மாலைக்குள் அந்த மரம் விழ வேண்டும்!" என்று சபையில் கர்ஜித்தார்.

எல்லோரும் சட்டத்தை நினைத்துத் தலைகுனிந்தார்கள். பிரதானி அனந்தகேசரி மட்டும் எழுந்தார். அரண்மனை விகடன் ஏகாம்பரன் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அரசே, எல்லைக்கல்லைப் பிடுங்கி இலுப்பைக்கு அந்தப் பக்கம் நட்டுவிடுவோம். மரம் கல்நகரத்துடையதாகிவிடும். அதை வெட்டும் பெருமை நம் விகடனுக்கே கிடைக்கட்டும். மறுத்தால் நாட்டை விட்டுப் போகட்டும்."

வெட்டினால் ஊர் காறித் துப்பும், வெட்டாவிட்டால் ஊரே இல்லை. ஏகாம்பரனுக்குப் பொறி புரிந்தது.

"அரசே, கல் நகர்ந்தபின் கல்நகரத்துப் பக்கம் வந்துவிடும் எல்லா மரத்துக்கும் கல்நகரத்து வழக்கம்தானே?" என்று கேட்டான்.

"ஆம். அதிலென்ன சந்தேகம்?" என்றார் ராஜா.

வாசலில் செக்காட்டும் வெள்ளையம்மாள் காத்திருந்தாள்.

"சாமி, அந்த மரத்துக் கொட்டைய ஆட்டித்தான் எங்க தெருவுல உலை கொதிக்குது. நீங்களே வெட்டப் போறீங்களாமே?"

ஏகாம்பரனுக்கு மனசு கலங்கிவிட்டது. ஆனாலும் சிரித்தான். "கோடரி என் கையிலதான் இருக்கு ஆத்தா. எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீ போய்ச் செக்கை ஓட்டு."

மறுநாள் காலையில் கல் நகர்ந்தது. ஏகாம்பரன் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். பழைய எல்லைக்கும் இலுப்பைக்கும் நடுவே ஒரு மாந்தோப்பு. அழகான ஒட்டு மாமரங்கள், கொத்துக் கொத்தாய்க் காய். அவன் முதல் மரத்தடியில் நின்று கோடரியை ஓங்கினான். பின்னால் கல்நகரத்துக்காரர்கள் ஆளுக்கொரு கோடரியோடு வரிசை கட்டினார்கள்.

"அடப்பாவி, நிறுத்து!" தலைப்பாகை அவிழ ஓடிவந்தார் அனந்தகேசரி. தோப்பு அவருடையது. விகடனை ஒழிக்கும் அவசரத்தில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். மாமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டு ராஜாவும் வந்துவிட்டார்.

"ஏகாம்பரா, உன்னை இலுப்பையை அல்லவா வெட்டச் சொன்னேன்?"

"அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன், அரசே. கல்நகரத்து வழக்கப்படி, வழியில் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மாலைக்குள் இலுப்பைக்கு வந்துவிடுவேன்."

"அரசே, கல்லைப் பழைய இடத்திலேயே நடச் சொல்லுங்கள்!" என்று கதறினார் அனந்தகேசரி.

"நட்டால் இலுப்பை மறுபடி பொழில்நகரத்துக்குப் போய்விடுமே, ஐயா," என்றான் ஏகாம்பரன். "அதை வெட்டினால் என் கை போகுமே. தவிர, என்றைக்காவது யாராவது கல்லை மறுபடி நகர்த்தினால்?"

அனந்தகேசரி மரத்தை விடாமலே கத்தினார். "அப்படியானால் கல்நகரத்துக்கும் பொழில்நகரத்துச் சட்டத்தையே போடுங்கள், அரசே! எங்கேயும் எவனும் எந்த மரத்தையும் தொடக்கூடாது!"

ராஜா அவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே சட்டம் போட்டார். முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டு, "வேறென்ன வேண்டும், கேள்," என்றார்.

"இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கிய புண்ணியவான் பிரதானியார். அவர் பெயரை எல்லைக்கல்லில் பொறிக்க வேண்டும்."

அப்படியே பொறித்தார்கள். அன்று முதல் செக்குக்காரப் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அனந்தகேசரியை வாயார வாழ்த்தினார்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிடு போட்டார்.