பின்சீட்டுப் பாரம்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் எபனேசருக்குப் பதவி போயும் அதட்டல் போகவில்லை. முழங்கால் ஆபரேஷனால் ஒரு வருஷம் சும்மா கிடந்த அவருடைய மோட்டார் சைக்கிள், இப்போது தெருமுனை வரை போய் விக்கி நின்றுவிடுகிறது. மெக்கானிக் இசக்கிப்பாண்டி பழைய பெட்ரோலை இறக்கினான், கார்புரேட்டரைக் கழுவினான், பிளக்கையும் மாற்றினான். மறுநாளும் நின்றது.

“ஏலே, இன்னைக்கு ஓடலைன்னா என் காம்பவுண்டை ஒட்டி உனக்குக் கடை கிடையாது!” என்று உறுமிவிட்டு ஹெல்மெட் எடுக்க உள்ளே போனார்.

இசக்கிப்பாண்டி குனிந்து பார்த்தான். நேற்று அவன் திறந்துவிட்ட பெட்ரோல் குழாயை யாரோ மூடியிருந்தார்கள். நிமிர்ந்தால் எதிரே தாசில்தார் மனைவி கிரேஸ்மணி.

“சொல்லிராதப்பா. தனியா போய் விழுந்தார்னா யாரு தூக்குவா?”

தாசில்தார் திரும்பி வந்தார்.

“ஐயா, ரொம்ப நாள் கிடந்த வண்டி. பின்சீட்டுல பாரம் இருந்தாத்தான் ஓடும்.”

“எந்த மடையன் சொன்னான்?”

“அம்மாவை ஏத்திட்டுப் போய்ப் பாருங்க. நின்னா கடையை நானே பிரிச்சிருதேன்.”

அம்மா ஏறிக்கொள்ள, அவன் குழாயைத் திறந்துவிட்டான். வண்டி மார்க்கெட் வரை ஜம்மென்று போய்த் திரும்பியது.

மறுநாள் காலை தாசில்தார் தனியாக வண்டியருகே வந்தார். இசக்கிப்பாண்டி கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவர் சிரமப்பட்டுக் குனிந்தார். குழாய் மூடியிருந்தது. அடுக்களை ஜன்னலைப் பார்த்தார், பிறகு கடையைப் பார்த்தார்.

“ரெண்டு களவாணிகளும் கூட்டா?” என்றார், அதட்டத் தெரியாதவர்போல. குழாயைத் தானே திறந்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“கிரேஸு, பாரம் பத்தல. சேலையை மாத்திட்டுச் சீக்கிரம் வா.”