மடைக்காரர் இதயத்துக்குப் பதில் ஆள்

பூசணிப்பட்டியில் புத்தி என்பது ஊர்ப் பொதுச்சொத்து. அதனால் எவரிடமும் தனியாகக் கிடையாது.

ஊர்க் கண்மாய் மடையின் இரும்புச் சக்கரத்தைத் திருகித் தண்ணீர் திறப்பவர் விருமன். பரம்பரை வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. அவருக்கு மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார்.

நகரத்து மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தரும் புஷ்பம், இரண்டு வாரம் அவரைக் கண்முன்னே நடக்கவைத்துப் பழக்கினார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'நான்கு நிமிடம் மூச்சு வாங்கும்படி வேகநடை. மூன்று நிமிடம் மெதுநடை. இப்படி நான்கு சுற்று, வாரம் மூன்று நாள்.'

"எட்டு வாரம் கழிச்சு சோதனை. தேறினாத்தான் மடையைத் தொடலாம்," என்றார்.

விருமனுக்குத் துணையாக வந்த ஊர்க்காரர்கள் ஒச்சப்பனும் காத்தமுத்துவும் ஊர் திரும்பியதும் சீட்டை வைத்து ஆலோசித்தார்கள்.

"சீக்காளியைப் போய் வேகமா நடக்கச் சொல்லுதே அந்தம்மா!" என்றார் காத்தமுத்து.

"கால்வாய் வெட்டுறப்போ சீக்காளி வீட்டுக்குப் பதில் ஆள் போடுறோம்ல? இதுக்கும் போடுவோம். வேகநடை எனக்கு, மெதுநடை உனக்கு."

"மூச்சு வாங்கணும்னு எழுதியிருக்கே?"

"அதை விருமண்ணன் உட்கார்ந்தே வாங்கட்டும். எல்லாத்தையும் நாமளே செஞ்சா அவர் மனசு கஷ்டப்படும்."

அப்படியே நடந்தது. ஒச்சப்பன் கண்மாய்க் கரையில் பறந்தார். காத்தமுத்து பின்னால் ஊர்ந்தார். விருமன் புளியமரத்தடியில் கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, மூன்று நிமிடம் வடை தின்றார்.

விருமன் எப்படியும் தேறிவிடுவார் என்று ஆறாம் வாரமே, பெய்த மழை ஈரத்தில் ஊரே நாற்றுப் பாவிவிட்டது.

எட்டாம் வாரம், மருத்துவமனை நடைச் சோதனை இயந்திரத்தில் இரண்டாவது நிமிடமே விருமன் முகம் வெளிறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புஷ்பம் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வீட்ல பயிற்சி செஞ்சீங்களா, இல்லையா?"

"ஒரு நாள் தவறல தாயி!" ஒச்சப்பன் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க, கல்லு!"

விஷயம் புரிந்ததும் புஷ்பம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அவர் இதயம் தேறணும்னா அவர்தான்யா நடக்கணும். இனிமே இங்கேயே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் மடையை வேற யாராவது திறங்க."

மூவரும் அதிர்ந்துபோனார்கள்.

"அவர் வேலையை அடுத்தவன் செய்யுறதா? படிச்சவங்க பேசுற பேச்சா தாயி இது?"

ஊருக்கு வந்தால், மடை திறக்காததால் நாற்று மஞ்சளடித்துத் தலை சாய்ந்து கிடந்தது.

"நாத்தும் சீக்காளி ஆயிருச்சேப்பா," என்றார் காத்தமுத்து.

"பயப்படாத," என்றார் ஒச்சப்பன். "பதில் ஆள் போட்டுருவோம்."

அன்றிலிருந்து இருவரும் கண்மாயில் குடம் குடமாக மொண்டு, ஒன்றரை மைல் சுமந்து, தங்கள் நாற்றுக்குப் பதிலாகப் பக்கத்து ஊர் நாற்றுக்கு ஊற்றுகிறார்கள். அது அமோகமாக வளர்கிறது.

பூசணிப்பட்டி நாற்றங்கால் வரப்பில் விருமன் உட்கார்ந்து, வாடிய நாற்றின் சார்பாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.