ராஜாவின் வலது கன்னம்

முன்னொரு காலத்தில் குமிழாற்று நாட்டைச் சிங்காரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் நாட்டைப் பார்த்த நேரம் கொஞ்சம், கண்ணாடி பார்த்த நேரம் அதிகம். ஆள் மோசமில்லை. நாற்பது வயதில் விழுந்த சுருக்கம்தான் அவனைப் படாதபாடு படுத்தியது.

இதைத் தெரிந்துகொண்ட பிரதானி கோவிந்தராயன் ஒரு களிம்பு கொண்டுவந்தான். "முத்தும் பவழமும் பொடித்துப் போட்டது மகாராஜா! பதினைந்தே நாளில் பத்து வயது குறையும்."

முதலில் ராணி பூசிப் பார்த்தாள். மூன்றாம் நாள் முகமெல்லாம் கொப்புளம். ராணிக்கு நலங்கு மாவு தேய்த்துக் குளிப்பாட்டும் மாடத்தி, "அந்தக் களிம்பைத் தூக்கிப் போடுங்க ராணியம்மா" என்றாள். பிரதானிக்கு வந்ததே கோபம்!

"உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது மகாராஜா, இது நல்ல அறிகுறி. இந்த வேலைக்காரிக்கு என்ன தெரியும்? இவள்தான் மாவில் எதையோ கலந்திருக்கிறாள். நாடு கடத்துங்கள்!"

ராஜாவும் தலையை ஆட்டிவிட்டான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாடத்தி எங்கே போவாள்? ஆனாலும் குரல் நடுங்காமல் கேட்டாள்.

"பதினஞ்சு நாள் குடுங்க மகாராசா. உங்க ஒரு கன்னத்துல களிம்பு, மறு கன்னத்துல வெறும் வெண்ணெய் பூசுறேன். களிம்பு எந்தக் கன்னம்னு சபையில இருக்கறவங்க பார்த்தே சொல்லட்டும். சொல்லிட்டா நானே போயிடுறேன்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. பிரதானி ஒரு புதுச் சாடிக்கு அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தான். "களிம்பு வலது கன்னத்துலதான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று மாடத்தி ராஜாவின் காதில் மட்டும் போட்டுவைத்தாள். அன்றிலிருந்து ராஜா தினமும் கண்ணாடியில் வலது கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப்போனான்.

சபையில் இருந்தவர்களுக்கோ ஒரே உதறல். தப்பாகச் சொல்லி ராஜாவின் கோபத்துக்கு ஆளாவானேன்? ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே வந்து அவளிடம் ரகசியம் கேட்டார்கள். பாதிப் பேருக்கு வலது என்றாள், மீதிப் பேருக்கு இடது என்றாள். பிரதானிக்குக் கிடைத்தது இடது.

பதினாறாம் நாள் சபை கூடியது. பிரதானி முந்திக்கொண்டான்.

"இதில் சந்தேகமென்ன? இடது கன்னம் பதினெட்டு வயது வாலிபனுடையது. வலது வாடிய கத்தரிக்காய்!"

"இல்லவே இல்லை, வலதுதான் ஜொலிக்கிறது!" என்றது பாதி சபை. கூச்சல் கிளம்பியது.

ராஜா எழுந்தே விட்டான். "கத்தரிக்காயா? உமக்குக் கண் இருக்கிறதா இல்லையா? களிம்பு பூசியது வலதில்தான். தினமும் நானே பார்த்தேனே, என்ன மினுமினுப்பு!"

மாடத்தி சாடியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அரக்கு முத்திரை வைத்தது வைத்தபடியே இருந்தது.

"சாடியைத் திறக்கவே இல்ல மகாராசா. ரெண்டு பக்கமும் வெண்ணெய்தான். உங்ககிட்டயும் பொய் சொன்னேன், தண்டனை குடுத்தா வாங்கிக்கிறேன். ஆனா நான் சொன்னத உங்க கண்ணும் அப்படியே பார்த்துடுச்சே!"

ராஜா தன் வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். மாடத்தியை அந்தப்புரத்துக்கே தலைவியாக்கினான். சாடியைப் பிரதானியின் கையில் கொடுத்து, "இனி தினமும் சபையில் என் கண்முன் பூசிக்கொள்ளும்" என்றான்.

நான்காம் நாள் பிரதானி ஓடிவந்து காலில் விழுந்தான். "முகமெல்லாம் கொப்புளம் மகாராஜா, எரிகிறது! விட்டுவிடுங்கள்!"

ராஜா குனிந்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"நல்ல அறிகுறி பிரதானியாரே! உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது. விடாமல் பூசும்!"