கரடிக்கு வந்த வயிற்றுவலி

ஒரு காட்டில் நோய்க்குப் பயந்தவர்களை விட வைத்தியச் செலவுக்குப் பயந்தவர்களே அதிகம், குழந்தைகளே.

அங்கே வைத்தியம் பார்த்தவர் ஒரு கீரி. கெட்டிக்காரர். நாடி பிடித்தால் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் கேட்கும் கூலியைக் காதில் வாங்கினாலே பாதி உயிர் போய்விடும்.

"நான் என்னய்யா செய்ய?" என்பார் கீரி வைத்தியர். "மூலிகை முளைக்கிறது மலை உச்சியில. அதைப் பறிச்சுக்கிட்டு வர்றது வரையாடு. பாறையில கால் வழுக்கினா அதுக்கு எலும்புகூட மிஞ்சாது. சும்மா கொண்டு வருமா? கூடை கூடையா இலுப்பைப் பூ கேக்குது."

காட்டில் ஏது கரும்பாலை? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூதானே சர்க்கரை! பங்குனியில் உதிரும் பூவைப் பொறுக்கி, காயவைத்து, வருஷம் முழுக்க வைத்துத் தின்பார்கள். கொடுக்கல் வாங்கலும் அந்தப் பூவில்தான். ஒருவர் நோயில் விழுந்தால், வீட்டில் சேர்த்த பூவெல்லாம் போனாலும் வைத்தியத்துக்குப் பற்றாது. இப்படித்தான் ஒரு முயல் காலில் முள் குத்தி, அது புரையோடி, கூலி கொடுக்க வழியில்லாமலே செத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் விலங்குகளுக்குப் புத்தி வந்தது. கூடிப் பேசி, ஒரு மருதமரத்துப் பொந்தைப் பொதுவாக வைத்துக்கொண்டன. தினமும் சாப்பிட உட்காரும் முன்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடிப் பூ அந்தப் பொந்துக்குப் போக வேண்டும். யாருக்கு நோய் வந்தாலும் அதிலிருந்துதான் வைத்தியம். நோயாளி எழுந்து நடமாடும்வரை சாப்பாடும் அதிலிருந்துதான். பொந்துக்குக் காவல் ஆமையார். "வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டும்" என்பது அவர்கள் வைத்துக்கொண்ட ஒரே வழக்கம்.

அந்தக் காட்டில் கரியான் என்று ஒரு கரடி இருந்தான். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு. தலைவலி, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. கையும் பெரிய கை. மற்றவர் போடும் பிடியைப் போல மூன்று மடங்கு இருக்கும் அவன் பிடி. தினமும் போடுவான். போட்டுவிட்டுப் பெருமூச்சும் விடுவான்.

அவனுக்கு அடுத்த புதரில் குடியிருந்தவள் செவந்தி என்ற புள்ளிமான். ஒரு நாள் அவள் பள்ளத்தில் விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டாள். காடே அவளைப் பார்க்கப் போனது. வெறுங்கையோடு போகலாமா? நாவல்பழம் கொண்டுபோனவர்கள், அத்திப்பழம் கொண்டுபோனவர்கள் என்று ஒரே கூட்டம்.

பக்கத்து வீட்டுக்காரன் போகாவிட்டால் நன்றாயிராது என்று கரியானும் போனான்.

செவந்தி மெத்தென்ற புல்லில் படுத்திருந்தாள். தலைமாட்டில் பழக்குவியல். காலடியில், பொந்திலிருந்து வந்த இலுப்பைப் பூ குவிந்து கிடந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் செவந்தி. "ஒரு கை பூ எடுத்துக்குங்க."

"ஐயையோ, எனக்கெதுக்கும்மா? நீ சாப்பிடு" என்றான் கரியான். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் பூவை விட்டு நகரவில்லை. "வலி எப்படி இருக்கு?"

"தூங்கவே முடியலண்ணே. எலும்புக்குள்ள ஈர்க்குச்சி விட்டுக் குடையுற மாதிரி இருக்கு."

அது கரியான் காதில் ஏறவே இல்லை. 'எல்லாம் என் பூ! நான் முதுகு வளைத்துப் பொறுக்கின பூ! இவள் படுத்துக்கொண்டே தின்கிறாள்' என்று அவன் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. பொறாமைக்காரனுக்குக் காது இருந்து என்ன பயன், சொல்லுங்கள்.

நேரே ஆமையாரிடம் போனான்.

"ஆமையாரே, நான் போடுற பிடி பெரிசா, சின்னதா?"

"பெரிசுதான். உன்னைப்போல இங்க யாரும் போடுறதில்ல."

"இதுவரைக்கும் நான் எடுத்தது?"

"ஒண்ணுகூட இல்ல. உனக்குத்தான் நோயே வரலையே! கொடுத்து வச்சவன்ப்பா நீ."

"கொடுத்து வச்சவன் நானு, எடுத்துத் திங்கிறவ அவளா?" என்று உறுமிவிட்டுக் கரியான் வீட்டுக்குத் திரும்பினான். அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பொழுது விடியவில்லை, காடு முழுக்க அலறல் கேட்டது. "ஐயோ! அம்மா! வயிறு! வயிறு!" என்று கரியான் குகை வாசலில் உருண்டுகொண்டிருந்தான்.

கீரி வைத்தியர் ஓடி வந்தார். நாடியைப் பிடித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"நாடி நல்லாத்தானேய்யா ஓடுது?"

"நாடி ஓடி என்ன புண்ணியம் வைத்தியரே? உள்ள குடலை யாரோ கயிறு திரிக்கிறாங்களே!"

வைத்தியர் ஆமையாரைப் பார்த்தார். ஆமையார் தரையைப் பார்த்தார். வயிற்றுவலிக்கு வெளியே சாட்சி ஏது? வலிக்கிறது என்றால் நம்புவதுதானே வழக்கம்.

"சரி" என்றார் வைத்தியர். "காலையும் மாலையும் நிலவேம்புக் கஷாயம். மூணாவது வாய்க்கு மேல முகம் சுளிக்கக் கூடாது."

அந்தக் கசப்பு இருக்கிறதே, நாக்கைக் கழற்றி வைத்துவிடலாமா என்று தோன்றும். கரியான் கண்ணில் நீர் வழியக் குடித்தான். குடித்து முடித்ததும் ஆமையார் ஒரு கூடை இலுப்பைப் பூவை அவன் முன்னால் கொட்டினார். அதைப் பார்த்ததும் கசப்பெல்லாம் மறந்துபோனது.

அதோடு அவன் மனம் ஆறியதா? ஆறினால் அது பொறாமையா! யார் யார் தன்னைப் பார்க்க வந்தார்கள், யார் யார் செவந்தி வீட்டுக்குப் போனார்கள் என்று படுத்தபடியே கவனித்தான். மயில் அவளுக்கு அத்திப்பழம் கொடுத்ததாம், இவனுக்கு வெறும் கிழங்காம். அதற்கொரு பெருமூச்சு. அடுத்த புதரிலிருந்து செவந்தி வலியில் முனகினால், இவன் அதைவிட உரக்க முனகுவான். முனகுவதில்கூட அவள் தன்னை முந்திவிடக் கூடாது என்று அவனுக்கு வைராக்கியம்.

செவந்தியின் கால் கூடியது. எழுந்து நடந்த அன்றே மேய்ந்து திரிந்து, எங்கோ மிஞ்சிக் கிடந்த பூவைப் பொறுக்கி, தன் பிடியைப் பொந்தில் போட்டுவிட்டு வந்தாள். கரியான் மட்டும் எழுந்திருக்கவில்லை. படுத்தே தின்று படுத்தே கொழுத்தான்.

இதை அவன் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஊரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே வளர்ந்தவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்து ஒரு நாளாவது பொறாமைப்பட வேண்டும் என்று ஆசை இருக்கும். கிழங்கு கொண்டுவந்த குரங்கிடம் மெல்ல வாயைத் திறந்தான்.

"பாவம் கரியாண்ணே, எப்படித்தான் இந்த வலியத் தாங்குறீங்களோ" என்றது குரங்கு.

"கிட்ட வா. எனக்கு வலியும் இல்ல, கிலியும் இல்ல. போட்டதை எடுக்கத் தெரியணும்டா தம்பி. நீயெல்லாம் ஏமாளி."

குரங்குக்கு வந்ததே கோபம்! அது கரியான் பொய் சொன்னதற்காக வந்த கோபமில்லை. தனக்கு இந்த யோசனை முதலில் தோன்றாமல் போனதே என்ற கோபம். அன்றைக்கே அதற்கு வால் வலி வந்துவிட்டது.

குரங்கின் முன்னால் பூ குவிந்ததைப் பார்த்த மயிலுக்குக் கழுத்துச் சுளுக்கு. மயிலைப் பார்த்த காட்டுப்பன்றிக்கு ஒற்றைத் தலைவலி. "அவனுக்கு வந்தது எனக்கு வராதா?" என்று வீட்டுக்கு வீடு ஆள் படுத்தார்கள். கீரி வைத்தியர் கஷாயம் காய்ச்சியே கை சலித்துப்போனார். படுத்தவர்கள் பிடி போட வேண்டியதில்லையே! அதனால் போடுகிற கை நின்றது, எடுக்கிற கை நீண்டது.

"இப்படியே போனா பொந்து என்னத்துக்கு ஆகும்?" என்று ஆமையார் கெஞ்சிப் பார்த்தார்.

"கரடிக்கு மட்டும் கொடுத்தீங்கல்ல?" என்றார்கள் எல்லோரும். ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. கூடையில் வரும் பூ குறைந்துபோகவே, கொழுத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கரியான் ஒரு நாள் மலைத்தேன் தேடிப் புறப்பட்டான். பாசி பிடித்த பாறையில் ஏறும்போது வழுக்கிற்று. அவன் விழுந்தான், அவன் மேல் பாறையும் விழுந்தது. பின்னங்கால் முறிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

எல்லோரும் சேர்ந்து அவனை இழுத்துவந்து குகையில் போட்டார்கள். இப்போது அவன் உருளவில்லை, அலறவில்லை. பல்லைக் கடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான்.

வைத்தியர் காயத்தைப் பார்த்தார். "எலும்பு ஒட்டுற பச்சிலை வேணும். அது வரையாடு கொண்டுவந்தாத்தான் உண்டு. தாமதிச்சா புண் புரையோடிடும். முயல் கதைதான்."

கரியான் ஆமையாரைப் பார்த்தான். ஆமையார் பொந்துக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "தூசிதான்ப்பா இருக்கு" என்றார்.

"தம்பி, நீ எடுத்துக்கிட்டதுல கொஞ்சம் கொடுடா" என்று குரங்கிடம் கேட்டான் கரியான். "இது நிஜ வலிடா. சத்தியமா நிஜம்."

"எல்லாம் தின்னாச்சு. அதுசரி, போட்டதை எடுக்கத் தெரியணும்னு சொன்னது யாரு?" என்று குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டது.

கரியானுக்கு முதல் முறையாகச் சாவு பயம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது செவந்தி வந்தாள். அவன் காலைப் பார்த்ததும் அவள் உடம்பு சிலிர்த்தது. "இந்த வலி எனக்குத் தெரியும்" என்றாள். மழைக்கென்று தன் புதரில் ஒளித்து வைத்திருந்த பூவையெல்லாம் வாயால் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து பொந்தில் போட்டாள். அது பொந்தின் அடியைக்கூட மூடவில்லை.

பிறகு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாள்.

"அவன் பொய் சொன்னவன்" என்றது காட்டுப்பன்றி.

"ஆமாம். உங்க தலைவலி?" என்றாள் செவந்தி.

பன்றி உள்ளே போய், மூலையில் மிஞ்சியிருந்ததை எடுத்துவந்தது. மயிலும் தன்னிடம் இருந்த பூவோடு இறங்கி வந்தது. குரங்கும்கூடக் கடைசியில் மரக்கிளை இடுக்கில் பதுக்கியதை எடுத்துக் கொடுத்தது. "தின்னாச்சுன்னு சொன்னியே?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை யாருக்கு இருந்தது?

ஆனால் இலுப்பை பூக்கும் காலம் போய்விட்டதல்லவா? ஒரு பிடி, அரைப் பிடி என்று சேர்ந்து கூடை நிறைவதற்குள் மழை வலுத்துவிட்டது. வரையாடு பச்சிலையோடு இறங்கி வந்தபோது கரியான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். உயிர் பிழைத்தது. எலும்புதான் கோணலாகக் கூடிவிட்டது. "இனி அந்தக் காலை ஊன முடியாது" என்று வைத்தியர் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்.

கரியானைப் பொந்து இருந்த மருதமரத்தடியிலேயே படுக்க வைத்தார்கள். பார்க்க வராதவர்கள் இல்லை. தலைமாட்டில் அத்தியும் நாவலும் குவிந்தன. அடுத்த பங்குனியில் புதுப்பூ வந்ததும் ஆமையார் கூடை நிறைய அள்ளி அவன் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுப்பா. எல்லாம் உனக்குத்தான்."

கரியான் அதைத் தொடவில்லை. அவன் கண் பொந்தின் பக்கமே இருந்தது. காட்டுப்பன்றி வந்து ஒரு பிடிப் பூவைப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனது. செவந்தி வந்து போட்டுவிட்டுத் துள்ளி ஓடினாள். குரங்கு வந்தது, போட்டது, போயிற்று.

பார்க்கப் பார்க்க அவன் வயிறு எரிந்தது. வாழ்நாளில் யாரைப் பார்த்தும் அவன் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

"என்னப்பா, ஏன் அழுற? பூ பத்தலையா?" என்று கேட்டார் ஆமையார்.

"இதை நீங்களே எடுத்துக்குங்க ஆமையாரே" என்றான் கரியான். "எனக்கு ஒரே ஒரு நாள், அந்தப் பன்னியாட்டம் இதுல ஒரு பிடி போட்டுட்டு, என் கால்ல நடந்து வீட்டுக்குப் போகணும்."

நீதி: நோய்க்கென்று பொதுவில் கொடுத்தது திரும்பி வராமலே இருப்பதுதான் பெரிய லாபம்.