தணிகாசலம் வீட்டுக் கூரை

தணிகாசலம் என்று பெயர் வைத்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிள்ளை வேண்டித் திருத்தணிக்கு நடந்தே போனார்கள். பிள்ளை பிறந்ததும் முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த அந்த மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். வேலூர் வெயிலில் பிறந்த குழந்தைக்கு இதைவிடக் குளுமையான பெயர் யாருக்குத் தோன்றும்?

அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு காஸ் ஏஜென்சியில் புகார் வாங்கும் கவுன்டர் அவருடையது. சிலிண்டர் வராதவர்கள், வந்த சிலிண்டர் கசிகிறது என்பவர்கள், பாதிதான் இருந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள், எல்லாரும் அவர் முகத்துக்கு நேராகத்தான் கத்துவார்கள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. முதலாளி புதிதாகச் சேர்கிறவர்களிடம், "பொறுமைன்னா அவரு மாதிரி இருக்கணும்" என்று அவரைக் கைகாட்டுவார். அதைக் கேட்கும்போது தணிகாசலத்துக்கு உள்ளூர இனிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்றங்கரையில் இருந்த சின்ன மடத்துக்குப் போவார். மடத்தை நடத்தியவர் மங்கையர்க்கரசி. தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர். அவரை 'அம்மா' என்று கூப்பிட முதலில் தணிகாசலத்துக்கு நாக்கு கூசியது. போகப் போகப் பழகிவிட்டது.

அது கத்திரி வெயில் காலம். மடத்துக் கூடத்தில் எல்லாரும் எழுந்து போன பிறகும் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என் சம்சாரமும் பொண்ணும் வீட்டுல படுக்க மாட்டேன்றாங்க. பொழுது சாஞ்சா மச்சான் வீட்டுக்குப் போயிடறாங்க. கேட்டா, வீடு வெக்கையா இருக்குதுன்றாங்க."

"எப்போலேர்ந்து?"

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ம். சொல்லுங்க."

"இப்போ மச்சான் தன் வீட்டு மாடியைக் காலி பண்ணி வெச்சிருக்காரு. இந்துவுக்குக் காலேஜ் திறந்ததும் அங்கேயே இருந்துடறோம்னு கோமளம் சொல்றா." மச்சான் வீட்டு மாடிப்படியில் தட்டுமுட்டுச் சாமானோடு ஏறினவர்கள் திரும்ப இறங்க மாட்டார்கள் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் அவர் சரியாகச் சாப்பிட்டே பல நாள் ஆயிற்று.

"வீட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"அடியில தெர்மாகோல் சீலிங் போட்டேன். அப்பவும் சாயங்காலமானா நெருப்பாத்தான் இருக்குது. நான் எப்படியோ இருந்துடுவேன் அம்மா, பொறுமை எனக்குப் பழக்கம். அவங்களாலதான் முடியலை."

"நாளைக்கு சாயங்காலம் வரேன்" என்றார் அம்மா.

சொன்னபடி வந்தார். தணிகாசலத்தின் அப்பா கட்டிய வீடு அது. தாழ்வான கான்கிரீட் கூரை. மொட்டைமாடி முழுக்க வெடிப்பு. அம்மா கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்தார். வெயில் முழுசாக இறங்கி, தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஸ்டூல் போட்டு ஏறி, அந்த தெர்மாகோல்ல ஒண்ணைக் கழட்டுங்க."

கழற்றினார்.

"இப்போ கூரையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "சுடுது!"

"வெயில் எங்கே?"

"அது அப்பவே போயிடுச்சே."

"பின்னே ஏன் சுடுது?"

"பகல் பூரா வாங்கி வெச்சுக்கிட்டது."

"யார் மேல இறக்குது?"

"வேற யார் மேல? அடியில படுத்திருக்கறவங்க மேலதான்."

அம்மா எழுந்துகொண்டார். "தளம் சுட்டுப் போன பிறகு அடியில அட்டை கட்டி மறைச்சா எவ்வளவு கேக்கும்? மேல போடுங்க. வெயில் தளத்துக்குள்ள நுழையவே கூடாது."

அப்படியே செய்தார். கொத்தனார் வந்து பழைய மேல்பூச்சைக் கொத்தி எடுத்தார். கனமான ஃபோம் பலகைகளை இடைவெளி இல்லாமல் பரப்பி, அதன்மேல் கம்பிவலை போட்டுக் கலவை பூசி, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். எதிர்வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் தரையில மெத்தை போடுவாங்க, இவரு மொட்டைமாடிக்குப் போடறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கட்டும். வேலை முடிந்து கலவை காய்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் தணிகாசலம் ஸ்டூலில் ஏறிக் கூரையில் கை வைத்தார். கை வைத்தபடியே நின்றார். சுடவில்லை. இறங்கி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் கையையும் காலையும் பரப்பிப் படுத்து, யாரும் இல்லாத வீட்டில் தனியாகச் சிரித்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

கோமளம் நம்பாமல்தான் வந்தார். இந்து உள்ளே நுழைந்ததும் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஜில்லுன்னு இருக்குதுப்பா!"

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மூன்று பேரும் கூடத்திலேயே வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள்.

அந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு நாள் கவுன்டரில் ஒரு ஆள் மேஜையைத் தட்டிக் கேட்டான்: "இன்னாய்யா, நாலு தடவை ஃபோன் பண்ணிட்டேன். நீ சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் சிரித்தார். புகாரை எழுதிக்கொண்டார். முதலாளி உள்ளேயிருந்து பார்த்துத் தலையை ஆட்டிப் பாராட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்தில் உப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"உப்பு போடக்கூடத் தெரியாதா? ஆ? இத்தனை வருஷமா என்னத்தைச் சமைக்கற நீ?" தட்டு சுவரில் மோதி விழுந்தது. எதிர்வீட்டு டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. "அப்பா, விடுப்பா" என்ற இந்துவுக்கும் ஒரு பாட்டம் விழுந்தது.

கோமளம் சிந்தியதைத் துடைத்தார். அடுப்படி விளக்கை அணைத்தார். இந்து போர்வையை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டாள்.

"இப்போ எங்கே கிளம்பறீங்க?"

"அண்ணன் வீட்டுக்கு" என்றார் கோமளம். "இங்கே வெக்கையா இருக்குது."

அவர்கள் போய்விட்டார்கள். தணிகாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கூரையில் இங்கே தொட்டார், அங்கே தொட்டார், மூலையில் தொட்டார். எங்கும் சுடவில்லை. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை.

விடிந்ததும் மடத்துக்குப் போனார். அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கூரை ஜில்லுன்னு இருக்குது. நானே தொட்டுப் பாத்தேன். அவங்க வெக்கைன்னு சொல்லிட்டுப் போறாங்க. வாய் கூசாம பொய் சொல்றாங்க."

"நேத்து என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலை. ரசத்துல உப்பு இல்லை. ஏன் இல்லைன்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியா? ஆபீஸ்ல ஒரு ஆள், சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. சிரிச்சேன். பொறுத்துக்கிட்டேன்."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"உங்க வீட்டுப் பழைய தளமும் பகல்ல ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அடுத்த கீரைத்தண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எப்போலேர்ந்து போறாங்கன்னு சொன்னீங்க?"

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து."

"தை மாசத்துல வேலூர்ல வெயிலா?"

அவர்கள் முதன்முதலாகக் கிளம்பிப் போன அந்த இரவு அவருக்கு ஞாபகம் வந்தது. என்னத்துக்காகக் கத்தினோம் என்பது மறந்துவிட்டது. கத்திவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்தது மறக்கவில்லை. இந்து ஸ்வெட்டர் போட்டு, காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று, "வெக்கையா இருக்குதுப்பா, மாமா வீட்டுக்குப் போறோம்" என்றாள். சரி, போய் வாங்க என்று இவரும் கம்பளிக்குள்ளிருந்தே சொல்லியிருந்தார்.

வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

"அப்போ நான் கவுன்டர்ல திருப்பிக் கத்தணுமா அம்மா?"

"வெள்ளை டைல்ஸ் சூரியனைப் பாத்துக் கத்துதா?"

"இல்லை."

"என்ன செய்யுது?"

"உள்ளே விடறதில்லை."

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தணிகாசலம் நேராக வேலைக்குப் போனார். கவுன்டரைத் திறந்ததும் திறக்காததுமாக முதல் ஆள் வந்து நின்றார். "கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, உனக்கெல்லாம் வெட்கமா இல்லை?"

வழக்கமான சிரிப்பு தணிகாசலத்தின் உதடு வரை வந்துவிட்டது. அதற்குள் அந்த ஆளின் கையில் இருந்த ஃபிளாஸ்க் கண்ணில் பட்டது. டீக்கடையில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வீட்டுல அடுப்பு எரியலையா சார்?" என்று கேட்டார்.

அந்த ஆள் தடுமாறினார். "முந்தாநாள்லேர்ந்து எரியலை. எங்கப்பாவுக்கு வெந்நீர் இல்லாம ஆகாது. கடை கடையா அலையறேன்."

அவர் திட்டியது ஒரு காலி சிலிண்டரை. தாம் அதற்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. குடோனுக்கு ஃபோன் போட்டார். "இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடும் சார். நான் பாத்துக்கறேன்." அந்த ஆள் போகும்போது ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி ஒரு மாதிரி சிரித்தார். தணிகாசலமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தை இழுத்துப் பிடிக்கவில்லை.

எல்லாரிடமும் அப்படி முடியவில்லை. மத்தியானம் வந்த ஒருவர் பேசியது உள்ளே போய்விட்டது. அதனால் சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு நேரே போகாமல் கோட்டை அகழியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் போனார்.

மாடிப்படியின் கீழே நின்று மகளைக் கூப்பிட்டார்.

"இந்து, வீடு குளுந்துடுச்சும்மா. வாங்க."

"கூரைதான் அன்னிக்கே குளுந்துடுச்சேப்பா" என்றாள் மேலேயிருந்து.

"கூரையைச் சொல்லலை."

கோமளம் வந்து இந்துவின் பின்னால் நின்றார். தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார். "ரசம் நல்லாத்தான் இருந்தது கோமளம். எவனோ சொன்னதைத் தூக்கிட்டு வந்து உன் தலையில போட்டுட்டேன். பொங்கல்லேர்ந்து இல்லை, ரொம்ப வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன். தப்பு என் மேலதான்."

இப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து கோமளம் கேட்டதே இல்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தணிகாசலம் தலையாட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தார். ஏன் இன்றைக்கே வரக்கூடாது என்று கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டார். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்தால் ரசம் தாளிக்கிற வாசனை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவர் விட்ட மூச்சு, எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்தார். உப்பு சுத்தமாக இல்லை. கோமளம் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இந்துவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

தணிகாசலம் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தார். தன் தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார்.

முதலில் இந்துதான் சிரித்தாள். பிறகு கோமளத்தாலும் அடக்க முடியவில்லை.

"பரவாயில்லை, வெக்கை தணிஞ்சிருக்குது" என்றார் கோமளம். கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை.

மச்சான் தன் வீட்டு மாடியை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடத்தில் எல்லாரும் போன பிறகு தணிகாசலம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பொங்கல்லேர்ந்துன்னு நான் சொன்ன அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு இல்லையா?"

"புரிஞ்சிடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அம்மா கூரையைக் கொத்திப் போட வெச்சீங்க?"

"கூரையும்தான் சுட்டது" என்றார் அம்மா.

தணிகாசலம் சிரித்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கும் வரை அம்மா காத்திருந்தார்.

"அது சுட்டுக்கிட்டு இருந்த வரைக்கும், நான் எதைச் சொன்னாலும் நீங்க அதைத்தானே கை காட்டியிருப்பீங்க?"