கடைசிப் பட்டன்

வீரபத்திரனுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்து மூன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. திருச்சியில், டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் மூன்று பூல் மேஜைகள் போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீரபத்திரனும் அப்படித்தான் கூப்பிட்டார். ஜெசிந்தா பதிலுக்கு, "அண்ணே" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். அல்லது வீட்டிலேயே உட்கார்ந்து சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வீரபத்திரன் பந்தடிக்கும் கோலான க்யூவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஒன்றரை வருடத்தில் அவருக்குக் கை நன்றாகவே வந்துவிட்டது.

ஒரு நாள் காலை துணிப்பை ஒன்றோடு வந்தார். பையிலிருந்து கையில்லாத கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு போ டை. கண்ணாடி இல்லாததால் ஜன்னல் கதவில் பார்த்துக்கொண்டார்.

"மாஸ்டர், இதுல நான் ஆட்டக்காரன் மாதிரி தெரியறேனா?"

"எதுக்குண்ணே இது?"

"பழைய ஆபீசர்ஸ் கிளப்புல போட்டி வெக்கிறாங்க. இந்த வருஷம் வெளியாளும் ஆடலாமாம். உடுப்பு மட்டும் அந்தக் காலத்து விதிப்படி இருக்கணும். பேரு குடுத்துட்டேன்."

"ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"ஆட்டம் வரும் மாஸ்டர். பாக்குறவன் கண்ணுக்கு எப்படி இருக்கேன்? அதைச் சொல்லுங்க."

அந்தக் கிளப்பைப் பற்றி அவர் ஜெசிந்தாவிடம் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது.

நாற்பது வருடங்களுக்கு முன்பு அவருடைய அப்பா அங்கே மார்க்கராக இருந்தார். புள்ளி சொல்வது, பந்துகளைத் துடைத்து வைப்பது, ஆட்டத்தில் தவறு நடந்தால் சொல்வது, இதெல்லாம் மார்க்கரின் வேலை. காக்கிச் சட்டையும் பித்தளைப் பட்டனும் அதற்கான உடுப்பு. அந்த உடுப்போடு க்யூவைத் துடைக்கலாம், ஆடக்கூடாது. அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. மார்க்கர் என்றால் திரும்பிப் பார்ப்பார்.

வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு வருடமும் வீரபத்திரன்தான் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை அங்கே கொண்டுபோனார். வராந்தா வரைக்கும்தான் அனுமதி. அப்பா வரும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். பச்சைத் துணி விரித்த மேஜை. தாழத் தொங்கும் விளக்கு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாகக் கையில் க்யூவை ஊன்றிக்கொண்டு நிற்கும் அதிகாரிகள். கோட்டின் கடைசிப் பட்டனை மட்டும் ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள். அதில் ஒரு அலட்சியம் இருந்தது, ஒரு மிடுக்கு இருந்தது. சில சமயம் அப்பா ஓர் அதிகாரியின் பக்கத்தில் போய் ஏதோ மெதுவாகச் சொல்வார். ஜன்னலுக்கு வெளியே அது கேட்காது.

அந்த அறை அழகாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? பந்தோடு பந்து மோதும் அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் வீரபத்திரனுக்கு நெஞ்சு இளகும். அதே அறையில், அதே உடுப்பில், மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு முறையாவது நிற்க வேண்டும். அவர் க்யூவைத் தொட்டதே அதற்காகத்தான்.

ஜெசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வாரம் ஆட வேணாம். மத்தவங்க ஆடுறப்போ பக்கத்துல நின்னு ஸ்கோர் சொல்லுங்க."

வீரபத்திரனின் முகம் சுண்டிப்போனது.

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"மார்க்கர் வேலை பாக்குறதுக்கு நான் இங்க வரலை மாஸ்டர்."

"எப்படித் தெரியறேன்னு கேட்டது நீங்க. வேணாம்னா விட்டுருங்க."

கோட்டை மடிக்கக்கூட இல்லை. பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். வேறு எங்கே போவார்? போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

முதல் ஆட்டத்தில் ஒருவர் நீலப் பந்தை அழகாகக் குழியில் போட்டார். வீரபத்திரன் தலையாட்டினார்.

"என்ன நடந்துச்சு?" என்றார் ஜெசிந்தா.

"நல்ல அடி. நீலம் விழுந்துச்சு."

"அவர் கழுத்துல தொங்குற ஆபீஸ் அட்டை மஞ்சப் பந்துல உரசுச்சு. ஃபவுல்."

"நான் பந்தைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"பந்தை ஆடுறவன் பாத்துக்குவான். நீங்க சட்டையைப் பாருங்க."

உடுப்பின் ஒரு நுனி பந்தைத் தொட்டாலும் தவறு என்பது வீரபத்திரனுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் அன்றுவரை அது புத்தகத்தில் இருந்தது. அதன்பிறகு கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டையின் முன்பக்கம், சங்கிலி, மடிக்காத முழுக்கை, குனிந்தால் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் செல்போன் என்று மேஜைமேல் ஓர் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கோர் சொல்லத் தொடங்கிய நாலாம் நாள் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். வீரபத்திரனைவிட முப்பது வயது சின்னவர், சண்டைக்காரர் என்று பெயரெடுத்தவர். அவருடைய சட்டை நுனி ஒரு பந்தை வருடிப் போனது.

"ஃபவுல், சார்."

குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. வயதில் சின்னவரிடம் சார் என்று ஏன் சேர்த்தோம் என்று வீரபத்திரனுக்கே விளங்கவில்லை. மண்டிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி நின்றார்.

ஜெசிந்தா க்யூ நுனி வழுக்காமல் இருக்கச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளப்பில் வராந்தா அப்படியே இருந்தது. ஜன்னலும் அப்படியே இருந்தது. வீரபத்திரன் அதைத் தாண்டி, வாசல் வழியாக, காலில் பளபளக்கும் ஷூவோடு உள்ளே போனார். பழைய பில்லியர்ட்ஸ் மேஜை இருந்த இடத்தில் இப்போது பூல் மேஜை கிடந்தது. பச்சைத் துணி மட்டும் மாறவில்லை. சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. அதன் முன்னால் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசிப் பட்டனைத் திறந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் ஜம்மென்று இருந்தார்.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோபாலரத்தினம் அவரைக் கூப்பிட்டார். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பழைய உறுப்பினர். பரிசு கொடுப்பதற்காக அழைத்து வந்திருந்தார்கள்.

"அந்தக் காலத்து உடுப்பு அப்படியே இருக்கே! யாரு சார் நீங்க? அப்பா என்னவா இருந்தார்?"

"அப்பா... கவர்ன்மென்ட்ல இருந்தார்."

சொன்ன பிறகு வீரபத்திரனுக்கு வாய் கசந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மூன்று பேரை வரிசையாக ஜெயித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். எதிரே கரூர்க்காரர் ஷாநவாஸ், பொறுமையாக ஆடுகிறவர். இருவரும் சமமாக வந்து, கடைசிச் சுற்றில் நின்றார்கள். வீரபத்திரனுக்குக் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. ஷாநவாஸுக்கு இன்னும் இரண்டு பந்து இருந்தது.

வீரபத்திரன் குனிந்தார். வெள்ளைப் பந்து ஓடிப் போய்க் கறுப்பை இடித்தது, கறுப்பு மூலைக்குழியில் விழுந்தது. அறை முழுக்கக் கைதட்டல். நடுவர் எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். ஷாநவாஸ் சிரித்தபடி கை நீட்டினார்.

வீரபத்திரன் நிமிரவில்லை.

அடிக்கும்போது, பட்டன் போடாத கோட்டு முனை கீழே சரிந்து ஷாநவாஸின் பந்து ஒன்றைத் தொட்டிருந்தது. பந்து அசையக்கூட இல்லை. ஆனால் தொட்டது. ஒரு வாரம் சட்டைகளையே பார்த்துப் பழகிய கண் அதையும் பார்த்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை என்றது மனசு. நாற்பது வருட ஆசை என்றது. ஜெயித்தாகிவிட்டது, கையைக் கொடு என்றது. கூட வந்து சுவரோரம் நின்றிருந்த ஜெசிந்தாவைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஃபவுல், சார்."

நடுவர் திரும்பினார். "யாருக்கு?"

"எனக்குத்தான். கோட்டு உரசிடுச்சு."

கறுப்பு விழும்போது தவறு நடந்தால் ஆட்டமே போய்விடும். நடுவர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஷாநவாஸின் பெயரைச் சொன்னார். இந்த முறை கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிரம்பு நாற்காலியிலிருந்து கோபாலரத்தினம் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார்.

"இந்த 'ஃபவுல், சார்' குரலை நான் கேட்டிருக்கேன். இந்த ரூம்லதான் கேட்டிருக்கேன். இங்க ஒரு மார்க்கர் இருந்தார்..."

"சடையப்பன்," என்றார் வீரபத்திரன். "அவர் பேரு சடையப்பன். எங்க அப்பா."

"சடையப்பன்," என்று கிழவர் சொல்லிப் பார்த்தார். "பதினெட்டு வருஷம் எனக்கு ஸ்கோர் சொன்னார். பேரு இன்னிக்குத்தான் தெரியுது. என் மேலதிகாரிக்கே ஃபவுல் சொன்னவர் அவர். ஒருத்தர் எதிர்த்துப் பேசினதில்லை."

வீரபத்திரனின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

கிழவர் அவருடைய கோட்டைப் பார்த்தார்.

"நாங்க குனியறதுக்கு முன்னாடி பக்கத்துல வந்து மெதுவா, 'பட்டன், சார்'னு சொல்வார். உடனே போட்டுக்குவோம்."

"நீங்கள்லாம் கடைசிப் பட்டனைத் திறந்துதானே விட்டிருப்பீங்க?"

"நிக்கிறப்போ திறந்திருக்கும். குனியறப்போ உங்கப்பா விட்டாத்தானே?"

வீரபத்திரன் அந்த ஜன்னலைப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் நிற்கிறவர்களின் பட்டன்தான் தெரியும். குனிகிறவர்களுடையதை மேஜை மறைத்துவிடும். அன்று அப்பா என்ன சொன்னார் என்பது நாற்பது வருடம் கழித்து அவருக்குக் கேட்டது.

சாயங்காலம் குருவும் சீடரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வீரபத்திரன் இன்னும் அந்தக் கோட்டில்தான் இருந்தார். போகிற வருகிறவர்கள் அவரை ஏதோ கல்யாண பேண்டுக்காரர் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாஸ்டர், கோட்டு உரசினதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"அங்க மார்க்கர் நான் இல்லையே, அண்ணே."

பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவர்களுடைய பஸ் அல்ல. வீரபத்திரன் குனிந்து கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை. இந்தக் கோட்டுல நான் எப்படி இருந்தேன்?"

ஜெசிந்தா பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்க மட்டும் அங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, கோட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தப்புறம் நான் கோட்டை எங்க பாத்தேன்?"