கையெழுத்துப் போடாதவர்

"அக்கா, மூணு மாசமா காலேஜ்ல ஒருத்தரும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்லை" என்றார் சாலமோன் தங்கையா.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இறையியல் கல்லூரியில் அறநெறி கற்பிப்பவர். எதிரே இருந்த கிரேஸ்லின் அக்கா ஒரு காலத்தில் அவருக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர்.

நடந்தது இதுதான். மூத்த பேராசிரியர் ஒருவர் போட்ட புத்தகத்தில் தன் ஆய்வேடு அப்படியே இருக்கிறது என்று ஒரு மாணவி புகார் கொடுத்தாள். விசாரணைக் குழுவில் ஐந்து பேர். நாற்பத்தொரு பக்கம் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. ஆனாலும் நான்கு பேர் ஆதாரம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். தங்கையா மட்டும் போடவில்லை.

அன்றிலிருந்து ஜெபக்கூடத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. பிரசங்கப் பட்டியலில் அவர் பெயர் வருவதில்லை.

"நியாயத்தின் பக்கம் நின்னதுக்கு இதுதானா அக்கா?"

"ஏன் போடலைன்னு எழுதிக் குடுத்தியா?"

கொடுத்திருந்தார். நான்கு பக்கம். நகல் பையிலேயே இருந்தது.

அக்கா ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் போல நிதானமாகப் படித்தார். 'என் மனசாட்சி' என்று வந்த இடங்களில் மட்டும் மெல்லக் கோடு போட்டார். பதினொரு கோடுகள்.

"அந்தப் பொண்ணு பேரு இதுல இல்லையே."

"புகார்தாரர்னுதான் எழுதணும் அக்கா. விதி அப்படி."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"ரூபவதி."

"இப்ப எங்க இருக்கா?"

 படிப்பை விட்டுப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னது தங்கையாவுக்கு ஞாபகம் வந்தது. எந்த ஊருக்கு என்று அவர் கேட்டிருக்கவில்லை.

அக்கா கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினார். 

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் விலாசம் வாங்கினார். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மதியமாகிவிட்டது.

ரூபவதிதான் கதவைத் திறந்தாள். விசாரணையில் எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் என்று அடையாளம் தெரிந்து அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"யாரைப் பார்க்க வந்தீங்க ஐயா?" என்றாள்.